எல்லாப் படகும் கரையில் இருக்கும் நாள்

எங்கள் வீட்டில் கழுவிய பாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பதில்லை. சாய்த்து வைப்போம். செம்பு, குண்டான், சோற்றுப்பானை எதுவானாலும் வாய் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பிறந்த வீட்டிலும் அப்படித்தான், வாழ வந்த வீட்டிலும் அப்படித்தான். ஒருமுறை வெளியூர்த் தோழி ஒருத்தி, உதவி செய்கிறேன் என்று எல்லாவற்றையும் கழுவி வரிசையாகக் கவிழ்த்துவிட்டாள். அன்று என் வீட்டுக்காரர் போன படகு கடலில் இருந்தது. அவள் மனம் கோணாமல் ஒவ்வொன்றாக எடுத்துச் சாய்த்து வைப்பதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது.

பாத்திரத்தோடு சேர்ந்தவை சில சொற்கள். ஆள் கடலில் இருக்கும்போது அவற்றை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். எந்தச் சொற்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சொல்லக் கூடாததை எழுதலாமா என்று கேட்டால், எழுத்துக்குச் சத்தம் இல்லை என்பது என் கட்சி. இருந்தாலும் படகு கரையில் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படிக்காதவள் அல்ல. பட்டம் வாங்கியவள், பள்ளிக்கூட அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்க்கிறவள். புயல் ஏன் வருகிறது என்று கேட்டால் படம் போட்டு விளக்குவேன். இதையெல்லாம் நம்புகிறாயா என்றால் இல்லை என்றுதான் சொல்வேன். நாக்கு மட்டும் என் பேச்சைக் கேட்காது.

ராமேசுவரம் தீவில் எங்கள் ஊர்க் கோவிலில் ஞாயிறு திருப்பலியில் பைபிள் வாசகம் வாசிப்பது நான்தான். ஒரு கல்யாணப் பூசைக்கு மதுரையிலிருந்து வந்திருந்த ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார். பழைய தமிழ்ப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து, பார்வையற்ற மாணவர்களுக்கு அனுப்பும் தன்னார்வலர் குழு ஒன்றை அவர் ஒருங்கிணைத்துவந்தார். "உங்க குரல் கணீர்னு இருக்கு மேடம். எங்களுக்கு ஒரு புத்தகம் படிச்சுத் தர்றீங்களா?" என்றார். புகழ்ச்சிக்கு மயங்காதவள் என்று இதுவரை யாரும் என்னைச் சொன்னதில்லை. அங்கேயே தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் தெருவில் சத்தமில்லாத நிமிஷம் என்று ஒன்று கிடையாது என்பது. ஐஸ் வண்டி, மீன் வண்டி, எதிர்வீட்டு மிக்சி, எதற்கென்றே தெரியாமல் கூவும் கோழி. போர்வையைப் போர்த்திக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். ஒரு பக்கம் முடிவதற்குள் அவிந்துபோனேன். கடைசியில் கை கொடுத்தது பின்கட்டில் இருக்கும் வலை அறை. பழைய வலைகளும் பருவத்துக்குப் பருவம் மாற்றும் வலைகளும் அங்கே கூரைவரை குவிந்து கிடக்கும். உள்ளே போய்க் கை தட்டினால் சத்தம் அப்படியே அமுங்கிவிடும். பட்டணத்தில் இதற்காகச் சுவரெல்லாம் பஞ்சு ஒட்டுகிறார்களாம். காய்ந்த பாசியும் உப்பும் மீனுமாக அந்த அறைக்கு ஒரு வாடை உண்டு. ஒலிப்பதிவில் அது வராது என்பது கேட்பவர்கள் செய்த புண்ணியம்.

முதல் அத்தியாயத்தைக் கேட்ட ஒருங்கிணைப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கோவில்ல வாசிக்கிற மாதிரியே இருக்கு. கொஞ்சம் கதை சொல்ற மாதிரி…" எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. அத்தியாயம் முடிந்ததும், வாசகத்தின் முடிவில் சொல்லும் 'ஆண்டவரின் அருள்வாக்கு' நாக்கு நுனிவரை வந்து நின்றது எனக்கு மட்டும்தான் தெரியும். கோபம் ஆறியபின் முதலிலிருந்து மறுபடி வாசித்தேன்.

எனக்குக் கொடுத்தது அச்சேறிப் பல காலமான ஒரு கெட்டி நாவல். வியாபாரி ஒருவர், அவர் மனைவி, சொத்துக்கு அலையும் பங்காளிகள், அவர்களில் ஊதாரியாகத் திரியும் ஒரு சின்ன மைனர், நீதிமன்றம் என்று நீளும் கதை. வாக்கியங்கள் தேர் மாதிரி அசைந்து அசைந்து வரும், ஒரே மூச்சில் இழுக்க முடியாது. இருந்தாலும் போகப் போக எனக்கு அந்த மனைவியைப் பிடித்துவிட்டது. பங்காளிகளை அவள் வாயாலேயே விரட்டும் இடங்களில், ஒருங்கிணைப்பாளர் சொல்லாமலே, என் குரல் கோவிலை விட்டு இறங்கிச் சந்தைக்கு வந்துவிட்டது.

அந்த நாவல் ஒரு பெண்ணுக்கு உடனே தேவைப்பட்டது. நயினார்கோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், பிறவியிலேயே பார்வையில்லாதவள். ராமநாதபுரத்தில் பி.ஏ. தமிழ் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். நாவல் அவளுடைய பாடம். பரீட்சை ஏப்ரலில். போனில் இருக்கும் இயந்திரக் குரல் அந்தப் பழைய அச்சைக் கடித்துத் துப்பியது. வேறு ஆள் போடலாம் என்றால் பரீட்சைக் காலத்தில் எல்லா வாசிப்பாளர்கள் கையிலும் ஏற்கெனவே இரண்டு மூன்று புத்தகங்கள். ஆகவே நான் முடிக்க முடிக்க ஒவ்வொரு அத்தியாயத்தையும் நேரே அவளுக்கே அனுப்பிவைத்தேன். அவள் பதிலுக்குக் குரல் செய்தி அனுப்புவாள். முதலில் மேடம் என்றாள். "மேடமெல்லாம் வேணாம், எனக்கு வயசாகிரும்" என்றதும் அக்காவானேன்.

பிள்ளைக்கு வாய் கொஞ்சம் நீளம். "அக்கா, அந்தச் சின்ன மைனருக்குக் குரல் குடுக்கும்போது உங்களுக்குச் சளி புடிச்சிருந்துச்சா, இல்ல வேணும்னே அப்புடிப் படிச்சீகளா?" என்பாள். "வேணும்னேதான்" என்று பொய் சொல்வேன். அவள் சிரிப்பைக் கேட்பதற்காகவே சில இடங்களைக் கூடக் கொஞ்சம் ஆடிப் பாடி வாசித்தேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தது பதினேழாம் அத்தியாயத்தில் நின்றது. அந்த அத்தியாயத்தில் வியாபாரி சரக்கேற்றிக்கொண்டு கடலில் போகிறார். நடுவழியில் காற்று பிடிக்கிறது. மரக்கலம் போய்விடுகிறது, அவரும் போய்விடுகிறார். எழுதியவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார், எங்கள் வீட்டில் சொல்லக் கூடாத சொற்களை ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்து அடுக்கிய மாதிரி. கண்ணால் படித்தேன். வாயைத் திறக்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அதை விட்டுவிட்டுப் பதினெட்டுக்குப் போனேன்.

பிறகு என்பது வரவே இல்லை. அதற்குக் காரணம் எங்கள் கடலில் இருக்கும் முறை. வாரத்தில் சில நாள் விசைப்படகுகள் போகும், மற்ற நாள் நாட்டுப்படகுகள் போகும். ஒருவர் வலையை ஒருவர் அறுத்துக்கொள்ளாமல் இருப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு. என் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். என் தம்பி நாட்டுப்படகு வைத்திருக்கிறவன். இவர் கரையேறும் நாளில் அவன் இறங்குவான். இவர் வீட்டில் கால் நீட்டித் தூங்கும் நாளில், தம்பி அங்கே அலையில் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கரையில்தான். ஆனால் அன்று கோவில் ஒலிபெருக்கி காலையிலிருந்து ஓயாது. வலை அறையிலோ திங்கள் தொழிலுக்காக ஆட்கள் உட்கார்ந்து பொத்தல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒருநாள் வீம்பாக முயன்றேன். வீட்டுக்காரர் வீட்டில் இருந்தார், தம்பி கடலில். பதிவை ஓடவிட்டு முதல் பத்தியை வாசித்தேன். காற்று எழும்பும் இடம்வரை சரியாக வந்தது. அதற்கடுத்த வரியில் தம்பியின் சின்ன மகள், முன்பல் விழுந்த வாயோடு, கண்ணுக்கு முன்னால் வந்து நின்றாள். புத்தகத்தை மூடினேன். பதிவை அழித்துவிட்டு வெளியே வந்து, காரணமில்லாமல் கோழியை விரட்டினேன்.

நாவல் முழுவதும் முடிந்தது, அது ஒன்று தவிர. ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். "மேடம், பதினேழ அனுப்ப மறந்துட்டீங்க போல." மறக்கவில்லை என்றேன். விஷயத்தைச் சொன்னேன். "அது கதைதானே மேடம்?" என்றார். கதை என்று எனக்குத் தெரியாதா? சுள்ளென்று ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். மனுஷன் நல்லவர், சரிங்க மேடம் என்று போனை வைத்துவிட்டார். அது எனக்கு இன்னும் உறுத்தியது.

அந்தப் பெண்ணிடம் நானே சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எங்க வீட்டுல மழைய நில்லுன்னு சொல்ல மாட்டாகக்கா" என்றாள். "ஒரு வருசம் அறுப்பு நேரத்துல மூணு நாளு விடாம ஊத்துச்சு. கதிரெல்லாம் சாஞ்சு மொளச்சுப் போச்சு. எங்கய்யா வாசல்ல உக்காந்து அழுதாரு. அழுதாரே தவிர, போதும்னு ஒரு வார்த்த சொல்லல. எங்க பக்கம் மழைய வேணாம்னா அது மறுபடி வராதுக்கா." பிறகு, "நீங்க படிக்க வேணாம். அந்த அத்தியாயத்த விட்டுட்டு நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

விட்டுவிட்டு எப்படிப் பார்த்துக்கொள்வாள்? நாவலே அந்தச் சாவில்தான் திரும்புகிறது. அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு சண்டையும் அதிலிருந்து முளைத்தது. பழைய கேள்வித்தாள்களில் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள் என்று முன்பு அவளே சொல்லியிருந்தாள். இந்தப் பாடத்தில் தேறினால்தான் மதுரையில் மேலே படிக்க இடம் கேட்க முடியும். இல்லையென்றால் வீட்டில் சும்மா இருக்க வேண்டும். அவள் என்னைத் திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். விட்டுக்கொடுத்துவிட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அந்த வருடம் பெரிய வெள்ளி பரீட்சைக்கு முந்தைய வாரத்தில் வந்தது. அன்று எங்கள் ஊரில் ஒரு படகும் இறங்காது. விசைப்படகு, நாட்டுப்படகு எல்லாம் துறையில் கட்டிக் கிடக்கும். வலையைத் தொட மாட்டார்கள். ஒலிபெருக்கி கிடையாது. கோவில் மணியைக்கூட அடிப்பதில்லை, மணிக்குப் பதில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். வருடத்தில் எங்கள் ஊர் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஒரே நாள் அது. இது எனக்கு முன்பே தோன்றாமல் போனது ஏன் என்று தெரியவில்லை. துக்க நாளில் கதைப் புத்தகமா என்று மனதின் ஒரு மூலை கேட்டது. அந்த மூலையைப் பேசாமல் இருக்கச் சொன்னேன்.

மதியம் கோவிலில் இயேசுவின் பாடுகளின் வரலாற்றை மூன்று பேராகப் பிரித்து வாசித்தோம். இயேசு உயிர்விடும் இடம் வந்ததும் வாசிப்பு நிற்கும். கோவில் முழுவதும் முழந்தாளிடும். சற்று நேரம் ஒரு இருமல்கூடக் கேட்காது. சின்ன வயதிலிருந்து எனக்கு வருடத்தில் பயம் தரும் நேரம் அதுதான். பிறகு எழுந்து மிச்சத்தை வாசித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்தோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வலை அறைக்குக் கிளம்பினேன். வீட்டுக்காரரிடம் எதுவும் மறைக்கவில்லை, இன்ன அத்தியாயம் என்று சொன்னேன்.

"நானும் வாரேன்" என்றார்.

"நீங்க எதுக்கு?"

"ஆடு வந்து கதவ முட்டும். அங்கன உக்காந்து பாத்துக்கிறேன்."

அவர் ஒரு புத்தகமும் முழுதாகப் படித்தவர் அல்ல. கதவைச் சாத்திவிட்டு அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தார். நான் வலைக் குவியல் மேல் உட்கார்ந்தேன். வாசிக்கத் தொடங்கினேன்.

குரல் வந்தது. கோவில் குரலும் இல்லை, சந்தைக் குரலும் இல்லை. காற்று எழும்பியது, பாய் கிழிந்தது, சொல்லக் கூடாத சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கவிழ்ந்தது என்றேன். முழுகியது என்றேன். இத்தனை வருடம் வாயில் அடக்கி வைத்திருந்தவை சாதாரணச் சொற்களாக வந்து விழுந்தன. வியாபாரியின் கை பலகையிலிருந்து நழுவும் வரி வந்தது. அந்த வரியின் முடிவில் என் வாசிப்பு நின்றது. நான் நிறுத்தவில்லை. முழங்கால் தானாக மடங்கி, வலை மேலிருந்து இறங்கி முழந்தாளிட்டுவிட்டேன். என்ன செய்கிறோம் என்று உறைத்தபோது வெட்கமாக இருந்தது. ஒரு நாவலில் வரும் வியாபாரி, அதுவும் எப்போதோ யாரோ கற்பனை செய்தவர். எழுந்திருக்கப் போன நேரம் நிமிர்ந்து பார்த்தேன். கதவோரம் அவரும் முழந்தாளில் இருந்தார். கண்ணை மூடியிருந்தார்.

அப்புறம் நான் அவசரப்படவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்த பிறகு மறுபடி வலை மேல் ஏறி மிச்சத்தை வாசித்தேன். போன் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

முடிந்து வெளியே வரும்போது, "அந்தாளுக்கு நீச்சத் தெரியாதா?" என்று கேட்டார்.

"தெரியாது போல."

"பாவம்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அன்றைக்கே அவளுக்கு அனுப்பினேன். ஒருங்கிணைப்பாளருக்கும் அனுப்பினேன். நடுவில் நீண்ட மௌனம் இருக்கிறது, அதை வெட்டிவிட வேண்டும், அதுதான் விதி என்று அவர் எழுதினார். வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன். அவளிடமிருந்து நன்றி அக்கா என்று ஒரு வரி மட்டும் வந்தது. எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. எதற்கும் கருத்துச் சொல்கிறவள் இதற்கு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குக் குறையாகவே இருந்தது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பரீட்சை செவ்வாய்க்கிழமை. திங்கள் காலை வீட்டுக்காரர் கடலுக்குப் போனார். மீன்பிடித் தடைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய கடைசித் தொழில் அது, மறுநாள் காலைதான் திரும்புவார்கள். மதியத்துக்குமேல், பள்ளி அலுவலகத்தில் நான் வருகைப் பதிவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய குரல் செய்தி வந்தது. வழக்கமான துள்ளல் இல்லை.

"அக்கா, மாமா கரையில இருக்காகளா? உங்க தம்பி எங்க இருக்காக? அந்தப் பதினேழ இன்னும் போட்டுக் கேக்கல. நீங்க வாயால சொல்ல மாட்டேன்னு அத்தன நாள் காத்துக் கெடந்தீக. இங்கன நான் போட்டா, உங்க குரல்தான சொல்லும்? தெனமும் கேப்போம்னு நெனப்பேன். அன்னிக்கு யாரு கடல்ல இருக்காகன்னு எனக்குத் தெரியாது, கேக்கவும் கூச்சமா இருந்துச்சு. நாளைக்குப் பரீட்சக்கா. கேக்கலாமா?"

செய்தியை இரண்டாம் முறை போட்டுக் கேட்டேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல நாள் பார்த்து, படகெல்லாம் கட்டியபின், பத்திரமாகச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் அந்தக் குரல் யார் வீட்டிலும் எந்த நாளிலும் அதைச் சொல்லிக்கொண்டே இருக்கும். புயல் நாளிலும் சொல்லும். கரையிலிருந்து பார்க்க முடியாத தூரத்தில் அவர் வலை இழுத்துக்கொண்டிருக்கும் இந்த மதியத்திலும் சொல்லும். நான் பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் வீண். கடலைப் பக்கத்தில் போய்ப் பார்க்காத ஒரு பெண், நான் அதை அனுப்பிய அன்றே யோசித்து, தன் பரீட்சைப் படிப்பை என் வீட்டுக்காரருக்காகத் தள்ளிப் போட்டிருக்கிறாள்.

அவர் கரையில் இருக்கிறார் என்று பொய் சொல்லலாம். அவள் நிம்மதியாகக் கேட்பாள். பொய் சொல்ல எனக்கு வாய் கூசாது, அந்தச் சளிக் குரலுக்கே சொன்னவள்தானே. ஆனால் இவளிடம் இந்த விஷயத்தில் முடியவில்லை. மறுப்புச் சொல்வதற்கும் இடமில்லை.  போனை வாய்ப் பக்கம் கொண்டுபோனேன்.

"மாமா கடல்லதான் இருக்காரு. நீ போட்டுக் கேளு. நான் சொல்றேன், கேளு. நல்லா எழுதணும்."

கொஞ்ச நேரம் கழித்து, "போடப் போறேங்க்கா" என்று பதில் வந்தது.

அவள் தனியாகக் கேட்க வேண்டாம் என்று பட்டது. தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வலை அறைக்குள் போய், கதவைச் சாத்தி, அதே இடத்தில் உட்கார்ந்து, காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நானும் பதினேழைப் போட்டேன். என் குரலை அதுவரை இப்படிக் கேட்டதில்லை. காற்று எழும்பியது. பாய் கிழிந்தது. சொற்கள் ஒவ்வொன்றாக வந்தன. நான் இயர்போனைக் கழற்றவில்லை. பலகையிலிருந்து கை நழுவியது, குரல் நின்றது. மௌனம் தொடங்கியது. என் போனிலும் அவள் போனிலும் இருந்தது வெட்டாத பதிவு. ஒன்றும் கேட்காது என்று நினைத்திருந்தேன். கேட்டது. கதவுப் பக்கமிருந்து, மூக்கடைப்போடு, அவர் மூச்சு விடும் சத்தம். தூங்கும்போது பக்கத்தில் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே மூச்சு. ஆள் நடுக்கடலில் இருக்கும்போது அதைக் கேட்டுக்கொண்டு வலைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அவர் திரும்பி வர வேண்டும் என்பதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை வந்துவிட்டார். கணவாய் கொஞ்சம், விலைபோகாத சங்காயம்தான் நிறைய என்று அலுத்துக்கொண்டு, குளித்துவிட்டு, சட்டை போடாமல் கூடத்தில் படுத்தார். நான் நேற்றுக் கேட்டதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்குப் போகாமல் அவருக்குக் கணவாய்க் குழம்பு வைத்தேன்.

மதியம் கழித்துப் போன் வந்தது. பரீட்சை முடிந்து பேருந்து நிலையத்தில் நிற்கிறாள், பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, மாமா வந்துட்டாகளா?"

"வந்துட்டாரு. தூங்குறாரு."

"அப்பாடா" என்றாள். அந்த இரைச்சலிலும் அவள் மூச்சு விட்டது கேட்டது. "நேத்து அந்த எடத்துல ஒண்ணுமே கேக்கல. நெட்டு போயிருச்சுன்னு போனத் தட்டுனேன். அப்புறம் ஒரு மூச்சு கேட்டுச்சு. உங்க மூச்சு எனக்குத் தெரியும், அது உங்களோடது இல்ல. அது மாமாதானக்கா?"

"ஆமா."

"அதக் கேட்ட பெறகுதான் எனக்குப் பயம் போச்சு."

பரீட்சையைப் பற்றிக் கேட்கும் நினைப்பு எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது. கேட்டேன்.

"நல்லா எழுதிருக்கேங்க்கா. ஆனா பதினேழுலருந்து ஒரு கேள்விகூட வரல. பூராம் அந்தச் சின்ன மைனரப் பத்தியே கேட்டுத் தொலச்சுட்டாய்ங்க. நல்லவேள, உங்க சளி எனக்கு ஞாபகம் இருந்துச்சு."

நான் சிரித்த சிரிப்பில் கூடத்தில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, என்ன, யாரு போனுல என்று கேட்டார்.